சொட்டு மருந்து எட்டாத இடம்

லேசர் சுடத் தொடங்குமுன் சர்க்கரை நோயாளியின் கண்ணில் விடும் கடைசிச் சொட்டு, கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்து. பெரும்பாலும் அது 0.5 சதவீத புரோபாரகெயின். அரை நிமிடத்தில் கருவிழி உணர்விழந்துவிடும். அதன்பின் இமைகளை விலக்கி, கண்ணின்மேல் கனத்த கண்ணாடி லென்ஸ் ஒன்றைப் பதித்துப் பதினைந்து இருபது நிமிடம் பிடித்திருந்தாலும் நோயாளி பொறுத்துக்கொள்வார். தொடுவதே தெரியாததால் இனி வலிக்காது என்று அவரும் நம்புகிறார், துணைக்கு வந்தவரும் நம்புகிறார். முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி உட்கார்ந்ததும் பச்சை ஒளி சொடுக்கத் தொடங்குகிறது. முதலில் வெறும் கூச்சம்தான். பிறகு ஏதோ ஓர் இடத்தில், கண்ணின் அடியாழத்தில், ஊசி இறங்கியதுபோல ஒரு சுருக்கு. அது நெற்றிப்பொட்டு வரை ஓடுகிறது. தலை தன்னாலே பின்னுக்குப் போகிறது. ‘அசையாதீர்கள்’ என்ற குரல் கேட்கிறது. சொட்டு விட்டும் ஏன் வலிக்கிறது என்று பலர் கேட்பதில்லை. தனக்குத்தான் தாங்கும் சக்தி இல்லை என்று எண்ணிக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதையும், அந்த வலியைக் குறைப்பது லேசரின் அளவுகளைத் தீர்மானிப்பதைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதையும் கிடைத்திருக்கும் சான்றுகளைக்கொண்டு இங்கே எடுத்துவைக்க விரும்புகிறேன்.

இந்தச் சிகிச்சை எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். நீரிழிவு முற்றும்போது விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. ஆக்சிஜனுக்குத் தவிக்கும் விழித்திரை, புதிய குழாய்களை முளைக்கவைக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. விஇஜிஎஃப் என்று சுருக்கமாக வழங்கும் அந்தப் புரதத்தின் தூண்டுதலில் வளரும் குழாய்கள் மெலிந்தவை, கசியும், உடையும். உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் தேங்கும். அவற்றோடு வளரும் தழும்புத் திசு சுருங்கினால் விழித்திரையே பிய்ந்து வரும். இதைத் தடுக்க, விழித்திரையின் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரம் முழுவதும் பொட்டுப் பொட்டாகச் சுடுகிறார்கள். மருத்துவமனைச் சீட்டில் பிஆர்பி என்று எழுதுவது இதைத்தான். ஆக்சிஜனை அதிகம் செலவழிக்கும் ஓரத்துச் செல்களில் ஒரு பங்கைக் கொடுத்து நடுப்பார்வையைக் காப்பாற்றும் பேரம் இது. பேரம் பலித்தது என்பதில் சந்தேகம் இல்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை செய்து மறு கண்ணோடு ஒப்பிட்டார்கள். கடுமையான பார்வையிழப்பு பாதிக்கும் மேல் குறைந்ததால், ஆய்வு முடிவதற்கு முன்பே, 1976இல், ஆபத்து மிகுந்த மறு கண்களுக்கும் லேசர் செய்ய வழிவிட்டார்கள். அடுத்து 3,711 பேரைக்கொண்டு நடந்த ஆய்வு இந்த முறைக்கு ஓர் அளவுகோல் வகுத்தது: ஒவ்வொரு பொட்டும் 500 மைக்ரான் அகலம், ஒவ்வொரு சூடும் நொடியில் பத்தில் ஒரு பங்கு, மொத்தம் 1,200 முதல் 1,600 பொட்டுகள். இந்த அளவுகோலின் நடு எண்ணை, அந்தப் பத்தில் ஒரு பங்கு நொடியை, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வலியின் கதை பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

விழித்திரைக்கு வலி தெரியாது. வலியை உணரும் நரம்பு அதில் இல்லை. லேசர் ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சுவது விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமிச் செல்லடுக்கு. அங்கே பிறக்கும் சூடு உள்ளே பரவி ஒளியுணர் செல்களைச் சுடுகிறது, அதுதான் வேண்டியது. வெளிப்பக்கமும் பரவிக் கோராய்டு என்னும் ரத்தநாளப் படலத்தைச் சென்று சேர்கிறது, அது வேண்டாதது. கோராய்டில் சிலியரி நரம்புகள் நிறைய உண்டு. அவற்றில் நீளமான இரண்டு நரம்புகள் கண்ணின் இரு பக்கவாட்டிலும், கடிகார முகமாக வைத்துச் சொன்னால் 3 மணியிலும் 9 மணியிலும், பின்னிருந்து முன்னோக்கிப் போகின்றன. அந்த இரு கோடுகளின்மேல் சூடு விழும்போதுதான் நோயாளி துள்ளுகிறார். விழித்திரையின் ஓரத்தை நோக்கிப் போகப்போக வலி கூடுவதற்கும் இந்த நரம்புகள்தான் காரணம். எல்லாம் முகத்தின் உணர்ச்சி நரம்பான ட்ரைஜெமினல் நரம்பின் முதல் கிளையில் போய்ச் சேர்வதால் வலி கண்ணோடு நிற்காமல் புருவத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறுகிறது. சொட்டு மருந்து கண்ணின் முன்பரப்பை மட்டுமே மரக்கச் செய்கிறது. இந்த ஆழத்தை அது எட்டுவதேயில்லை. ஆக, சொட்டு விட்டது லென்ஸுக்காக, லேசருக்காக அல்ல. இந்த ஒரு வாக்கியத்தை நோயாளியிடம் முன்கூட்டியே சொன்னால் பாதிக் குழப்பம் தீரும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. காலில் செருப்பு கழன்றுபோனதுகூடத் தெரியாமல் நடந்துவரும் சர்க்கரை நோயாளிக்குக் கண்ணுக்குள் மட்டும் வலி எப்படி உறைக்கும் என்பது அது. நீரிழிவு நரம்பு பாதிப்பு உடலில் ஒரே சீராக இறங்குவதில்லை. முதுகெலும்பிலிருந்து பாதம் வரை போகும் மிக நீண்ட நரம்புகள்தான் முதலில் கெடும்; அதனால்தான் விரல் நுனியிலும் பாதத்திலும் மரத்துப்போதல் தொடங்குகிறது. கண்ணுக்கு வரும் நரம்புகள் அந்த நீளத்தில் ஒரு சிறு பங்குகூட இல்லை. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களின் கருவிழியில் தொடு உணர்வு ஓரளவு மங்கலாம் என்பது உண்மை. ஆனால் லேசர் சூட்டுக்குக் கோராய்டு எழுப்பும் வலி மங்கிவிடவில்லை என்பதற்கு, இந்தச் சிகிச்சையில் வலியை அளந்த ஆய்வுகளில் பங்கேற்ற சர்க்கரை நோயாளிகளே சாட்சி. ஒரே லேசருக்குச் சிலர் பத்துக்கு ஒன்று என்றும் சிலர் எட்டு என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். இந்த விரிவான வேறுபாடுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. ‘பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்’ என்ற சராசரிக்குள், பொறுக்க முடியாத ஒரு பகுதியினர் காணாமல் போகிறார்கள்.

இந்த வலி ஏன் இத்தனை காலம் பேச்சில் வரவில்லை என்பதற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒளியால் விழித்திரையைச் சுட முடியும் என்ற எண்ணம் ஜெர்மானியக் கண் மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத்துக்கு வலுப்பட்டது, 1945 ஜூலையில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்ததால் விழித்திரையில் ஏற்பட்ட சூட்டுத் தழும்பைக் கண்டபோது. அவர் கண்ணாடிகளைக்கொண்டு சூரிய ஒளியையே நோயாளியின் கண்ணுக்குள் திருப்பிப் பார்த்தார். 1950களில் சைஸ் நிறுவனத்தோடு சேர்ந்து செனான் விளக்குக் கருவியை உருவாக்கினார். செனான் போட்ட பொட்டுகள் பெரியவை, ஒவ்வொன்றுக்கும் பிடித்த நேரமும் அதிகம். கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு மரக்கச் செய்த பிறகே பெரும்பாலும் அந்த வேலை நடந்தது. 1960இல் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆர்கான் லேசர் கண் மருத்துவத்துக்கு வந்துவிட்டது. சிறிய பொட்டு, குறைந்த நேரம், நோயாளி உட்கார்ந்தபடியே செய்துகொள்ளலாம், சொட்டு மருந்து போதும். அது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் ஊசி விடைபெற்றபோது அதோடு வலியைப் பற்றிய பேச்சும் விடைபெற்றது. வலி குறைந்ததே தவிர இல்லாமல் போகவில்லை. அதைச் சமாளிக்கும் முறை ஒவ்வொரு மருத்துவரின் வழக்கத்துக்கும் விடப்பட்டது. பிரிட்டனில் நாடளாவிய கணக்கெடுப்பு ஒன்று 2009இல் வெளிவந்தபோது, இதில் பொதுவான நடைமுறை என்று ஒன்று அங்கேயே இல்லை என்பது தெரிந்தது.

‘பார்வை போவதைவிட இருபது நிமிட வலி பெரிதா?’ என்ற கேள்வியைப் பலரும் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். வலியையும் பார்வையையும் இரண்டு தட்டுகளில் வைத்தால் பார்வைதான் கனக்கும். ஆனால் அவை இரண்டு தட்டுகளில் இல்லை. வலித்தால் நோயாளி அசைவார். விழித்திரையின் நடுப்புள்ளியிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில் சுட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அசைவு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. அசைவைக் கண்ட மருத்துவர் லேசரின் வலுவைக் குறைப்பார். பொட்டு விழ வேண்டிய அளவுக்கு வெளுக்காமல் மங்கலாக விழும். வலிக்கும் பக்கவாட்டைத் தொடாமல் விட்டுவிடுவார். 1,500 பொட்டு போட உட்கார்ந்தவர் 600இல் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த முறைக்குத் தள்ளுவார். அந்த அடுத்த முறைக்கு நோயாளி வராமல் போகலாம். வராததற்குக் காரணம் கேட்டால் அவர் வலி என்று சொல்லமாட்டார். அறுவடை, பேருந்து, வீட்டில் விசேஷம் என்று ஏதாவது சொல்வார், அவையும் பொய்யாக இருக்காது. இந்த நோயில் பார்வை நன்றாக இருக்கும்போதே லேசர் செய்ய வேண்டியிருக்கிறது, செய்தபின் பார்வை கூடுவதும் இல்லை. பலனை உடனே கண்ணால் காண முடியாத சிகிச்சையில், கண்ணால் கண்டது வலி மட்டும் என்றால் திரும்பிவரக் கால் எழாது. ஆகவே வலி பார்வையோடு போட்டியிடும் பொருள் அல்ல. சிகிச்சையின் அளவு எவ்வளவு உள்ளே போகிறது என்பதைத் தீர்மானிக்கும் பொருள்.

வலியைக் குறைக்க எங்கே கை வைப்பது? மருந்துப் பெட்டியில் கை வைப்பதற்கு முன் லேசரின் முகப்பில் இருக்கும் அளவுகளில் கை வைக்க வேண்டும் என்பதே சான்றுகள் காட்டும் வழி. சூடு பரவ நேரம் வேண்டும். ஒளி விழும் நேரம் நீண்டால் சூடு கோராய்டுக்குள் அதிகம் இறங்கும். குறைந்தால் நிறமி அடுக்கை ஒட்டியே நின்றுவிடும். ஒரு சிறு கணக்கு: 200 மில்லிவாட் வலுவில் 100 மில்லிசெகண்டு சுட்டால் ஒரு பொட்டுக்குச் செல்லும் ஆற்றல் 20 மில்லிஜூல். நேரத்தை 20 மில்லிசெகண்டாகக் குறைத்து, அதே வெளுப்புக் கிடைக்க வலுவை 400 மில்லிவாட்டுக்கு ஏற்றினாலும் ஆற்றல் 8 மில்லிஜூல்தான். வலுவின் எண் இரட்டிப்பாகிறது, கண்ணுக்குள் இறங்கும் மொத்தச் சூடு பாதிக்கும் கீழே வருகிறது. 2006இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த குழுவினர் அறிமுகப்படுத்திய வடிவ லேசர் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகிறது. கால் மிதியை ஒருமுறை அழுத்தினால் ஐந்துக்கு ஐந்து சதுரமாக 25 பொட்டுகள், ஒவ்வொன்றும் 20 மில்லிசெகண்டு, ஏறத்தாழ அரை நொடியில் விழுந்துவிடும். மான்செஸ்டரில் 20 மில்லிசெகண்டையும் 100 மில்லிசெகண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது குறுகிய சூட்டில் வலி தெளிவாகவே குறைந்தது. பிற நாடுகளில் செய்த ஒப்பீடுகளும் பெரும்பாலும் அதே பக்கம்தான் சாய்கின்றன. அவற்றில் பல சிறிய ஆய்வுகள் என்பதையும், அவற்றின் உறுதி குறைவு என்று முறையான தொகுப்பாய்வுகள் மதிப்பிட்டிருப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் உடற்கூறும் இயற்பியலும் நோயாளி கொடுத்த எண்ணும் ஒரே திசையைக் காட்டும்போது அந்தத் திசையை நம்பலாம்.

இதற்கு எழும் மறுப்பு மிகக் கனமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வலி குறைந்ததற்குக் காரணம் சிகிச்சையே குறைந்ததாக இருக்கலாமே? உண்மையில் அந்த ஆபத்து இருக்கிறது. 100 மில்லிசெகண்டு பொட்டு நாளாவட்டத்தில் விரிகிறது. 20 மில்லிசெகண்டு பொட்டு ஆறும்போது சுருங்குகிறது. பழைய முறையில் 1,500 பொட்டு மூடிய பரப்பைப் புதிய முறையில் 1,500 பொட்டு மூடாது. 2012இல் வெளிவந்த அமெரிக்க ஒப்பீடு ஒன்றில், ஆபத்து மிகுந்த கண்களில் இரண்டு முறையிலும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் சுட்டபோது, வடிவ லேசர் செய்த கண்களில் புதுக்குழாய்கள் அடங்காமல் நிற்பது கூடுதலாக இருந்தது. மான்செஸ்டர் குழுவினரே தங்கள் கணக்கை வெளியிட்டிருக்கிறார்கள்: புதுக்குழாய்கள் முழுதாக அடங்க, லேசான நோய்க்குச் சராசரியாக 2,200 பொட்டு அளவில் தேவைப்பட்டது, நடுத்தரத்துக்கு ஏறத்தாழ 4,000, கடுமையான நோய்க்கு 6,900க்கும் மேல். இந்த எண்கள் குறுகிய சூட்டுக்கு எதிரானவை என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய எண்ணிக்கையைப் புதிய சூட்டுக்கு அப்படியே ஒட்டுவதற்குத்தான் அவை எதிரானவை. குறைவாக வலிப்பதால்தான் அதிகமாகப் போட முடிகிறது, அதிகமாகப் போட்டால்தான் போதும் என்பதால் குறைவாக வலிக்க வேண்டியிருக்கிறது. நேரத்தை 10 மில்லிசெகண்டுக்கும் கீழே கொண்டுபோனால் வெளுப்புக்கும் வெடிப்புக்கும் இடைவெளி மிகவும் சுருங்கி, கோராய்டில் ரத்தம் கசியும் அபாயம் வரும். 20 என்பது அந்த இரண்டுக்கும் நடுவே கண்ட ஒரு சமரசம்.

வடிவ லேசர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்கலாம். சாதாரண 532 நானோமீட்டர் பச்சை லேசர்களிலும் சூட்டு நேரத்தைக் குறைக்கும் வசதி உண்டு. 100இலிருந்து 50க்கோ 30க்கோ இறக்கி, வலுவைப் படிப்படியாக ஏற்றி வெளுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பொட்டாக ஆயிரக்கணக்கில் போட வேண்டியிருப்பதால் நேரம் கூடும் என்பது இதன் விலை. அந்த விலையைக் கண் முழுவதற்கும் கொடுக்க முடியாவிட்டாலும், 3 மணி, 9 மணிக் கோடுகளுக்கும் கடைசி ஓரத்துக்குமாவது கொடுக்கலாம். சிவப்பு லேசரும் 810 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரும் ஆழமாக இறங்குவதால் வலி கூடுதல். கண்புரையோ ரத்தமோ மறைக்காத கண்ணில் பச்சையோ மஞ்சளோ போதும். நிறமி அடர்ந்த நம் கண்கள் ஒளியை நன்றாகவே உறிஞ்சும் என்பதால், வேறொரு நாட்டுப் பாடநூலில் பார்த்த வலு எண்ணிலிருந்து தொடங்காமல் தாழ்வாகத் தொடங்கி ஏறுவதே நல்லது.

அளவுகளுக்கு அடுத்துதான் மாத்திரையும் சொட்டும். இந்த இரண்டிலும் ஆய்வு முடிவுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக் போன்ற அழற்சி அடக்கும் சொட்டுகளைச் சுடுவதற்கு முன் விட்டுப் பார்த்தவர்களில் சிலர் வலி குறைந்தது என்றார்கள், சிலர் வெறும் சொட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்றார்கள். முன்னே விட்ட சொட்டு பின்பக்கக் கோராய்டை எவ்வளவு சென்றடையும் என்று யோசித்தால் இந்தக் குழப்பம் வியப்பளிக்காது. பாராசிட்டமால் சாதுவான உதவி. அதனிடம் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அதையும் கொடுக்கும் நேரம் தெரிந்து கொடுக்க வேண்டும். பெயர் கூப்பிட்டு உள்ளே போகும்போது விழுங்கிய மாத்திரை, வலி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் வேலை செய்யும். பாப்பாவை விரிக்கச் சொட்டு விட்டு நோயாளியைக் கண்ணை மூடி உட்காரவைக்கும் அந்த முக்கால் மணி, ஒரு மணி நேரம்தான் மாத்திரைக்கு உரிய நேரம். அதற்கெனத் தனியாக ஒரு நிமிடமும் செலவாகாது. டைக்ளோஃபினாக் மாத்திரையையோ ஊசியையோ எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் கடுமையாக எதிர்க்க வேண்டும். விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுத்த அதே சர்க்கரை சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் விட்டுவைத்திருக்காது. முழு விழித்திரை லேசர் தேவைப்படும் நிலைக்கு வந்தவரிடம் கிரியாட்டினின் அளவைப் பார்க்காமல் அந்த வகை மாத்திரையைக் கொடுப்பது, கண்ணுக்கு உதவுவதாக எண்ணிச் சிறுநீரகத்தைச் சுரண்டுவது. லேசருக்கு வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலையில் சாப்பிடாமல், வரிசையில் மதியம் வரை காத்திருப்பவருக்கு வியர்த்துக் கொட்டி மயக்கம் வந்தால் அது லேசர் வலியா, சர்க்கரை இறங்கியதா என்று பிரித்தறிவதே கடினம்.

எல்லாவற்றிலும் உறுதியாக வலியை நிறுத்துவது கண்ணைச் சுற்றி மரக்கும் மருந்தைச் செலுத்துவதுதான். கண்ணுக்குப் பின்னாலும் பக்கத்திலும் ஊசியால் போடும் பழைய முறைகளில் அபாயம் அரிது, ஆனால் வந்தால் பெரிது: ஊசி விழிக்கோளத்தைத் துளைக்கலாம், பின்னால் ரத்தம் கட்டலாம், மருந்து மூளைத்தண்டை எட்டி மூச்சைத் தடுக்கலாம். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடும் இதய நோயாளிகள் சர்க்கரை நோயாளிகளிடையே ஏராளம் என்பதால் ரத்தக் கட்டைப் பற்றிய தயக்கம் நியாயமானதே. விழிக்கோளத்தைச் சூழ்ந்திருக்கும் டெனான் உறைக்கு அடியில் மழுங்கிய குழலால் மருந்து செலுத்தும் முறையில் இந்த அபாயங்கள் வெகுவாகக் குறைகின்றன. ஆனால் ஒரு சிக்கல் எந்த முறைக்கும் பொது. மருந்து இறங்கிய கண் சில மணி நேரம் பார்க்காது அல்லது இரட்டையாகப் பார்க்கும். மறு கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லாத ஒருவர் தனியாகப் பேருந்தில் வந்திருந்தால் அவரை அன்று அந்த நிலையில் வெளியே அனுப்ப முடியாது. அதனால் இந்த முறையை எல்லாருக்கும் வைக்கவும் கூடாது, யாருக்கும் இல்லை என்று சொல்லவும் கூடாது. அளவுகளைக் குறைத்தும் மாத்திரை கொடுத்தும் எட்டு, ஒன்பது என்று வலி சொல்பவருக்கும், ஒரே அமர்வில் முடித்தே ஆக வேண்டிய கண்ணுக்கும் இது கைவசம் இருக்க வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சம பங்காகக் கலந்த வாயுவை நோயாளியே முகமூடியில் உறிஞ்சிக்கொள்ளும் முறையைப் பிரிட்டனில் ஒரு சிறிய ஆய்வில் முயன்று பலன் கண்டிருக்கிறார்கள்; லேசர் பொருத்திய ஸ்லிட் லாம்ப் என்னும் நுண்ணோக்கியின் முன்னால் முகத்தைப் பதித்தவருக்கு அந்த முகமூடி இடைஞ்சல்தான்.

எந்த மருந்தைவிடவும் மலிவான ஒன்று, உண்மையைச் சொல்வது. ‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லி உட்காரவைத்தால் முதல் சுருக்கிலேயே அந்தச் சொல் உடையும். அதற்குப் பிறகு சொல்லும் எதையும் நோயாளி நம்பமாட்டார். பக்கவாட்டில் சுடும்போது சுருக்கென்று குத்தும், அந்த இடம் இத்தனை நொடியில் முடிந்துவிடும், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று சொன்னால், அதே வலி வேறு வலியாகிவிடுகிறது. நிறுத்தும் அதிகாரம் தன் கையில் இருப்பவர் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துவதே இல்லை. வலி குறைவான இடத்தில் தொடங்கி, நம்பிக்கை வந்தபின் வலிக்கும் கோடுகளுக்குப் போவதும் இதைச் சேர்ந்ததே.

கூட்டத்தைப் பார்த்தீர்களா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தபோது நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வு, நகர்ப்புற நீரிழிவு நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பைக் கண்டது. 2022இல் வெளிவந்த இன்னோர் இந்திய ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களில் 4 சதவீதம் பேர் பார்வையைப் பறிக்கக்கூடிய கட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறது. ஒரு மருத்துவரின் அறைக்கு வெளியே முப்பது பேர் பாப்பா விரிந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொருவரிடமும் வலியை விசாரிக்க நேரம் ஏது? ஆனால் நேரத்தை விழுங்குவது வலியைக் கேட்பது அல்ல. துள்ளும் நோயாளி, நழுவும் லென்ஸ், பாதியில் எழுந்து தண்ணீர் கேட்பது, மூன்று அமர்வில் முடிய வேண்டியது ஐந்தாவது, இவைதான் விழுங்குகின்றன. அமர்வுகளைப் பிரிப்பதற்கும் இதில் இடம் உண்டு. ஒரே அமர்வில் செய்வதையும் நான்கு அமர்வுகளாகப் பிரித்துச் செய்வதையும் அமெரிக்காவில் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், சில வாரங்களுக்குப் பிறகு நடுப்பகுதி வீக்கத்திலும் பார்வையிலும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது, பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு நான்காகப் பிரித்து வலியைச் சிறு சிறு பங்காக்கலாம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் தொலைவிலிருந்து வருபவருக்கு, வலியை நன்றாக அடக்கி ஒன்றிரண்டிலேயே முடித்துவிடலாம். தேர்வு மருத்துவமனையின் அட்டவணையிலிருந்து வராமல் நோயாளியின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்.

கடைசி மறுப்பு, லேசரே பழங்கதையாகிவிட்டது, இனி ஊசிதான் என்பது. 2015இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, விஇஜிஎஃப் புரதத்தைத் தடுக்கக் கண்ணுக்குள் போடும் ரானிபிஸுமாப் ஊசி இரண்டு ஆண்டு அளவில் லேசருக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது; 2017இல் பிரிட்டனில் அஃப்லிபர்செப்ட் ஊசியும் ஓராண்டு அளவில் நல்ல முடிவைத் தந்தது. ஊசியில் ஓரப்பார்வை இழப்பும் குறைவு. இவை உண்மை. ஆனால் ஊசி தொடர்ந்து போட வேண்டியது, விலை உள்ளது, வருகை தவறினால் தண்டிப்பது. சிகிச்சைக்கு வராமல் நின்றுபோனவர்களைப் பின்னர் பார்த்தபோது, ஊசி மட்டும் போட்டுக்கொண்ட கண்கள் லேசர் செய்த கண்களைவிட மோசமாகக் கெட்டிருந்ததை ஃபிலடெல்ஃபியாவில் ஆய்ந்து 2019இல் எழுதினார்கள். அடுத்த மாதம் வர முடியுமா என்று உறுதியாகச் சொல்ல இயலாத ஒருவருக்கு, ஒருமுறை செய்தால் நிலைத்திருக்கும் லேசர்தான் இன்னும் பாதுகாப்பு. யாருக்கு மருத்துவமனைக்கு வருவது கடினமோ அவர்களுக்கே இது மிகவும் தேவைப்படுகிறது. வலியால் மறுபடி வரத் தயங்கக்கூடியவர்களும் அவர்களில்தான் அதிகம் இருப்பார்கள்.

லேசர் அறைப் பதிவேட்டில் வலு, சூட்டு நேரம், பொட்டின் அகலம், எண்ணிக்கை என்று நான்கு கட்டங்கள் வழக்கமாக இருக்கும். ஐந்தாவது கட்டம் ஒன்று வேண்டும். அதில் நோயாளி சொன்ன எண், எந்த மணியில் வலித்தது, எதை மாற்றியதும் குறைந்தது. ‘வலி 8, 3 மணி, 9 மணி, 30 மில்லிசெகண்டுக்கு மாற்றியபின் 4’ என்று ஒரு வரி. மூன்று வாரம் கழித்து அந்த நோயாளி மறு கண்ணுக்கு வரும்போது அறையில் வேறொரு மருத்துவர் இருக்கலாம். அவர் அந்த வரியைப் படித்துவிட்டு, முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்வதற்கு முன்பே நேரத்தை 30இல் வைத்துக்கொள்வார்.